கடப்பாரை இல்லாத கிடங்கு

மார்ச் 2

அன்பு மருமகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அத்தை என்னைவிட நலம். நீ அனுப்பிய கணினியும், காதில் மாட்டுகிற அந்தச் சாமானும் கீறல் படாமல் வந்து சேர்ந்தன. “நான் உருவாக்கிய கேமை, கேம் என்றாலே என்னவென்று தெரியாத ஒருவர் விளையாடிப் பார்க்க வேண்டும், அதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை மாமா” என்று எழுதியிருந்தாய். அதை உன் அத்தைக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ‘தெரியாத’ என்ற இடத்தில் மட்டும் எனக்கு இருமல் வந்துவிட்டது.

விளையாடினேன். முடித்தேன். ஒரே மூச்சில்.

பாழடைந்த குளிர்பதனக் கிடங்காம். நம் கண்ணுக்கு நம் கைகளும் ஒரு டார்ச்சும் மட்டும் தெரியுமாம். இரும்பு அலமாரிகளுக்குப் பின்னால் எதுவோ நடந்து வருமாம். யாரிடம்? பெயிண்ட் கடையில், “நீ கலந்த கலர் செவுத்துல வேற மாதிரி இருக்குய்யா” என்று டப்பாவை ஓங்கிக்கொண்டு வருகிறவர்களை நேருக்கு நேர் நின்று சமாளிக்கிறவன் நான். உன் பேய் எந்த மூலைக்கு? மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து ஒரு போடு போட்டேன். போன திசை தெரியவில்லை.

குறை ஒன்றுதான். ரொம்பச் சுலபம். முதல் கதவுக்குப் பக்கத்தில் சுவரெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்து வைத்திருக்கிறாயே, எதற்கு? விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கிறது. அழித்துவிடு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே தண்ணி பட்ட பாடு என்றால், படித்தவன் கொட்டாவி விடமாட்டானா?

என்றும் உன் பெருமைக்குரிய (இது என் அபிப்பிராயம்)
தாய்மாமன்

மார்ச் 9

மாமா,

உங்கள் கடிதம் கண்டு தரையில் கால் பாவவில்லை. கேம் பக்கமே போகாத ஒருவர் கடைசிவரை போனால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி சாக்பீஸ் கோடுகளை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

கடப்பாரை என்றதும் சிரித்துவிட்டேன். என் கேமில் யாரையும் அடிக்க ஒரு குச்சிகூடக் கிடையாது. ஒளியலாம், ஓடலாம், யோசித்துக் கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான். புதிரை உடைத்ததைத்தான் உங்கள் பாணியில் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் கேம் வெளியே வரும். பிடிக்காவிட்டால், வேலையை விட்டுவிட்டு நான் இத்தனை நாள் என்ன செய்தேன் என்று அம்மா கேட்கிற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். நீங்கள் கொஞ்சம்கூடப் பயப்படவில்லையா? அந்தக் காலடிச் சத்தம் இருக்கிறதே, ஈர மணல் மூட்டையை மாடிப்படியில் இழுத்து இழுத்துப் பதிவு செய்தேன். கீழ்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அன்புடன்
மருமகள்

மார்ச் 14

அன்பு மருமகளுக்கு,

பயமா? சத்தமா? கொசு பறக்கிறது என்று நினைத்து அத்தையிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நானாகச் சொல்லவில்லை, கேட்டார்கள், சொன்னேன். முதலாளி இப்போது என்னை ‘பேயோட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார். வருகிற ஆட்களிடம் தைரியமாக என் பெயரைச் சொல். “எங்க மாமாவே பாஸ் பண்ணிட்டாரு” என்று ஒரு வார்த்தை போதும்.

வெற்றிக்குப் பொறுப்பேற்கத் தயாராக
மாமன்

மார்ச் 26

மாமா,

வந்தார்கள். நான்கு பேர். முதல் கதவிலேயே நால்வரும் நின்றுவிட்டார்கள். கதவில் மூன்று திருகுக் குமிழ்கள், சுவரில் மூன்று வெப்பமானிகள். எந்தக் குமிழுக்கு எந்த வெப்பமானி என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தவை அந்தச் சாக்பீஸ் கோடுகள்தான். ஒருவர் சும்மா டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இத யாராச்சும் வெளையாடிப் பாத்தாங்களா?”

“எங்க மாமா முடிச்சாரு” என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அத்தைக்கு போன் செய்தேன். நானாகத் துருவவில்லை, “மாமாவுக்கு அந்தக் கடைசி அறை பிடிச்சிருந்ததா?” என்றுதான் கேட்டேன். அத்தை சொன்னது: “எந்த அறைடி? காலடிச் சத்தம் கேட்டதும் மூடி வச்சுட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்துட்டாரு. அன்னிக்குக் குளிக்கப் போறப்பக்கூட, ‘வாசல்ல நின்னு ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு’ன்னாரு.”

மாமா, நீங்கள் முடிக்காதது எனக்குப் பெரிதில்லை. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் ஓடியிருக்கிறீர்கள். அது வேலை செய்திருக்கிறது! அதை ஒரு வரி எழுதியிருந்தால் தெருவில் இறங்கி ஆடியிருப்பேன். அதற்குப் பதில் கொசு என்று எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு அந்தச் சத்தத்தையே எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

திருத்திக்கொண்டு வந்தால் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனி வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கணினியை அத்தையிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மருமகள்

ஏப்ரல் 8

மருமகளுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கணினி பழுது என்றும், இன்னொன்றில் எனக்குக் கண் புரை என்றும் எழுதியிருந்தேன். மூன்றாவதில் கோபித்துக்கொண்டிருந்தேன், உன் மேல்.

கணினியை இன்னும் அனுப்பவில்லை. உச்சிவெயிலில், ஜன்னலெல்லாம் திறந்து போட்டு, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி விளையாடினேன். சத்தம் வந்ததும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன்.

“ஏங்க, அது பொட்டிக்குள்ளதான இருக்கு? உங்க காலை என்ன பண்ணும்?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. இல்ல, பேசு. பேசிக்கிட்டே இரு.”

இத்தனைக்கும் என்னிடம் இருப்பது கோடு போட்ட பிரதி. அதை வைத்தும் எனக்குக் கதவு திறக்கவில்லை. நீ வெப்பமானி என்கிறாயே, அதைக் கடிகாரம் என்று நினைத்துவிட்டேன். வட்டமாக, முள்ளோடு இருந்தால் வேறு என்னவென்று நினைப்பது? கோடுகள் ஏதோ கிடங்கைக் காலி செய்தவர்கள் கிறுக்கியவை என்று தோன்றியது. ஒளிந்துகொள்ள அலமாரிக் கதவு திறக்கும் என்பதும் தெரியவில்லை. அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அது பின்னால் வந்து நின்று மூச்சு விட்டது. என் பிடரியில் பட்டது. காற்றுதான் என்கிறாள் அத்தை. எனக்குத் தெரியும்.

கடையிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். முதலாளி சிரிக்கவில்லை. “தெரியும்யா” என்றார். கலர் கலக்கப் போய்விட்டார். இத்தனை வருஷம் நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர்கள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் கடைப்படி ஏறக் கால் கூசுகிறது. நீ ஒருத்திதான் நான் சொன்னதை நம்பி, சுவரை அழித்தவள்.

வேறு ஆளை வைத்துப் பார். அதுதான் சரி. ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதே.

அவர்கள் மறுபடி வந்து, உங்க மாமா எப்படி இருக்கார் என்று கேட்டால், முதல் கதவிலேயே நிற்கிறார் என்று சொல். பயந்துபோய் நிற்கிறார் என்றும் சொல்.

மாமா