யாழினி தட்டு வைக்கிறாள்

என் தங்கச்சி சாந்திக்கு,

நீ கண்ணை மூடியபிறகு இன்றுதான் நம் சிறப்புக் கல்வி வகுப்புக்குள் கால் வைத்தேன். பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி, வேர்க்க விறுவிறுக்க வந்து, "அக்கா, பால் விடாத தே ஓ போட்டாச்சா?" என்று கேட்க நீ இல்லை. இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவாய்? உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வாசலில் யாழினியின் அம்மா நின்றிருந்தார். "டீச்சர், அடுத்த வருசம் செக்கண்டரி ஸ்கூல்ல தொழில் வகுப்புக்கு இவள எடுப்பாங்களா? தாள்ல ஒன்னுமே எழுத மாட்டேங்கிறாளே. வீட்டுல எல்லாம் செய்றா டீச்சர்." அவளைப் பற்றிய அறிக்கையை நீதான் எழுதவேண்டியிருந்தது. இப்போது அது என் கையில்.

அந்தத் தட்டுகளால் நமக்குள் எத்தனை சண்டை! எண்ணத் தெரியுமா என்று பார்க்கத் தாளில் வட்டம் போடச் சொன்னால் போதாதா என்பேன் நான். நீயோ பசியாறும் நேரத்தில் அவளைத் தட்டு வைக்கச் சொல்வாய். அவள் யார் வந்தாலும் வராவிட்டாலும் அலமாரியில் இருப்பதையெல்லாம் மேசையில் பரப்பிவிடுவாள். "வராத ஆளுக்குத் தட்டு வேணாம்னு அவளுக்கே தோணணும்க்கா. அன்னைக்குத்தான் அறிக்கையில 'முடியும்'னு எழுதுவேன்," என்பாய். பிடிவாதக்காரி.

இன்றும் தட்டு வைக்கச் சொன்னேன். அதோடு சரி. குறிப்புக் கொடுக்கக் கூடாது என்பது உன் சட்டமாயிற்றே. யாழினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். காய்ச்சலென்று வராத கவினுக்கு வைக்கவில்லை. எனக்கு ஒன்று வைத்தாள். பிறகு உன் நீலத் தட்டை எடுத்துக்கொண்டு உன் நாற்காலி முன்னால் போய் நின்றாள்.

வைத்துவிடேன் என்று மனசு அடித்துக்கொண்டது சாந்தி. இன்றைக்கு மட்டும் தப்பாகச் செய்துவிடு கண்ணு என்று கெஞ்சியது.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டீச்சர் வரல," என்றாள். தட்டை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

'முடியும்' என்று எழுதிவிட்டேன். எழுதிய கையோடு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்குப் புரிந்தது எனக்கு ஏன் இன்னும் புரியவில்லை?

ஒரு நாள் பார்த்தால் போதாதுக்கா என்று நீ சொல்வது காதில் விழுகிறது. சரி, நாளைக்கும் தட்டு வைக்கச் சொல்வேன். மறுநாளும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவள் உன் தட்டை அலமாரியிலேயே விட்டுவிடுவாள். ஒவ்வொரு முறையும் நான் 'முடியும்' என்று எழுதுவேன். அவளை அந்தத் தொழில் வகுப்பில் உட்காரவைக்கும்வரை விடமாட்டேன். இது சத்தியம்.

நீ வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட
பரமேஸ்வரி