கொரியாவின் குறுக்கே ஒரு கோடு

பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்க வாங்கி வந்த வசம்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்த பழைய செய்தித்தாளில் கொரியாவின் வரைபடம். நடுவில் கறுப்பாய் ஒரு கோடு. மேலே ருஷ்யாவின் ஆட்கள், கீழே அமெரிக்காவின் ஆட்கள். வசம்பு மணக்கும் அந்தக் காகிதத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை இருமினால் எழுந்து ஓடுகிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன். நீ இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தோம். நீ பூகோளம், நான் சரித்திரம். மில் காடாத் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, சாயப்பொடி கரைத்து, ஆசியா முழுவதையும் நீயே வரைந்தாய். கொரியாவுக்கு ஒரே பச்சை. நாடு இரண்டாகிவிட்டது, கோடு போடு என்று பெரிய டீச்சர் சொன்னபோது நீ அசையவில்லை.

பஸ்ஸில் கெஞ்சினேன். "ஒரு கோடுதானட்டி. போட்டுட்டுப் போயேன். உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல."

"அங்க இருக்கிறவுகளைக் கேட்டா போட்டாக? ஜப்பான்காரன் போனான்னு மூச்சு விடுததுக்குள்ள ரெண்டு பேரு வந்து ஆளுக்குப் பாதின்னுட்டாக." பிறகு சிரித்தாய். "எங்க வீட்டுல அப்பா ஒரு சர்ச்சு, அம்மா மாதா கோவில். ஞாயித்துக்கெழம ஆளுக்கொரு கையைப் புடிச்சு இழுப்பாக. எனக்குப் பசிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அந்தக் கொரியா நான்தாண்டீ."

முன் சீட்டுப் பெரியவர் திரும்பினார். "எந்த ஊரு தாயி அது, சாத்தூர்ப் பக்கமா?"

அன்று சிரித்த சிரிப்பில் ஊர் வந்ததே தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் அப்பா போனபின் உன் அம்மாவுக்கு உன் சம்பளம்தானே?

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டரம்மா வரும் அன்று முதல் பஸ்ஸிலேயே போய், உன் படத்தில் சிவப்பு மையால் நானே கோட்டைப் போட்டேன். முந்தின நாள் மழையில் துணி நமுத்துக் கஞ்சி இளகியிருந்தது. வயிற்றுப் பிள்ளையும் படபடப்புமாக இருந்த நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மை ஊறியது. ஒற்ற ஒற்றப் பரவியது. மணி அடிப்பதற்குள் நாடே சிவந்துவிட்டது.

"என்ன இது, கொரியா முழுக்கச் சிவப்பு? நீங்கள் அந்தக் கட்சியா?" என்று உன்னைக் கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்த நாள்கள் அவை. நீ என் விரல்நுனியைப் பார்த்தாய். சட்டென்று என் கையை இழுத்து உன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய்.

"நான் எந்தப் பக்கமும் இல்லம்மா. மழை ஈரத்துல மை ஊறிட்டு."

யார் மை என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறக்க எனக்கு எம்புட்டு நேரம் இருந்தது!

எந்தப் பக்கமும் சேராதவளை ஒரு பக்கத்தில் தள்ளிவிட்டு வந்தேன். பருவம் முடிந்ததும் உன் வேலை போயிற்று. "புள்ளையப் பெத்து எந்திரி, பொறவு வாரேன்" என்று மலைத்தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனாய். என் பிள்ளைக்கு நாற்பதாம் நாள், நீ காய்ச்சலில் போய்விட்டதாகச் சேதி வந்தது.

நேற்று ஒரு தெரிந்த பெண் சொன்னாள். உன் அம்மா இப்போது மாதா கோவிலில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார்களாம். "கட்சிக்காரியைப் பெத்தவ" என்று ஊரார் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களாம். உன் அம்மாவும் அதை நம்பிவிட்டார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை, இருமல் நிற்காவிட்டாலும் பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போகிறேன். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் காதுபடச் சொல்லப்போகிறேன்: அந்த மை என்னுடையது.