கேமராவைத் திறக்காத மாணவி

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உனக்கும் அப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

மண்ணியல் ஆய்வக வகுப்பை இப்போது ஆன்லைனில்தான் எடுக்கிறேன். பிள்ளைகள் அவரவர் வீட்டு மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரலால் நாடா போல நீட்டிக் கேமராவில் காட்ட வேண்டும். நாடா நீண்டால் களிமண் அதிகம் என்று அர்த்தம். ஒருத்தி மட்டும் கேமராவைத் திறக்காமல் போட்டோ மட்டும் அனுப்புவாள். பின்னால் ஏதோ கிசுகிசுப்பு கேட்கும். வேறு யாரோ செய்து கொடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

நேற்று, "திறந்தாதான் மார்க்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

திறந்தாள். அவள் வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவள் அம்மா, கையெல்லாம் சேறு.

"கை மட்டும்தான் டீச்சர் என்னோடது. தண்ணி விடு, மெதுவா நீட்டுன்னு சொல்றதெல்லாம் அவதான்" என்றார் அந்த அம்மா.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வகுப்பை விட்டு நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன் டீச்சர்" என்றாள் அவள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முழு மார்க் போட்டுவிட்டேன்.

ஆனாலும் சந்தேகப் புத்தி போகவில்லை. கொஞ்ச நாளாக நீயும் வீடியோவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். அதே நெட்டில் அப்பா பளிச்சென்று தெரிகிறார். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே குளிர் அதிகம், சாயங்காலம் ஆனால் அறையில் பேச ஆளில்லை. என் பச்சை ஸ்வெட்டரை அனுப்பு. பார்சல் மேல் முகவரியை நீயே எழுது. அப்பா எழுதினால் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்