நாலு குழாய் தேசபக்தி

ஜனவரி 6, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒலிச் சக்கரவர்த்தியாகிய நான், அதாவது அழகு சவுண்ட் சர்வீஸ் அழகுராஜா, இன்று ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தேன். அந்தத் தூசியை மூட்டை கட்டினால் ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கே ஒரு லாரி சிமெண்ட் அனுப்பலாம்.

சாயங்காலம் தங்கை ஆனந்தவல்லி அழுதுகொண்டு வந்தாள். மகள் செல்லக்கனி காலைக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்வதில்லையாம். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுவிட்டிருக்கிறார்கள். அப்பன் எல்லையில் பட்டாளத்தில் இருப்பதால் தாய்மாமன் வர வேண்டுமாம். சீருக்கும் நான், சிக்கலுக்கும் நான்.

ஜனவரி 7, புதன்

ராஜபாளையம் ரோட்டுப் பள்ளிக்கூடம். தாளாளர் ஐயாதுரையின் மேசையில் கொடி, சுவரில் கொடி, பேனா டப்பாவில் கொடி. மூக்கில் ஒன்று நட்டால் பூரணமாகிவிடும். இந்த வருஷம் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்: கை நீட்ட வேண்டும், வாய் திறக்க வேண்டும், திறக்கிறதா என்று பி.டி. மாஸ்டர் வேல்சாமி வரிசை வரிசையாகப் பார்த்து வருவார்.

"மிலிட்டரிக்காரர் மக வாயத் தொறக்கலன்னா நாட்டுக்கே அவமானம்லா" என்றார் தாளாளர்.

"நாடு அம்புட்டு லேசா அவமானப்படுமா சார்?" என்று கேட்டேன். வந்துகொண்டிருந்த டீ வாசலோடு திரும்பிப் போனது.

தீர்ப்பு: குடியரசு தினத்தன்று எல்லார் முன்னாலும் மைக்கில் உறுதிமொழி சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் டி.சி. பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாசம்கூட இல்லை. இந்த நேரத்தில் டி.சி. வாங்கினால் பிள்ளை எங்கே போய் எழுதும்? அந்த மைக்கும் என்னுடையது. என் கத்தியாலேயே என் வீட்டுக் கழுத்து.

வீட்டில் செல்லக்கனியைக் கேட்டேன். நீ ஏன் இப்படி? நாலு வரிதானே?

ஃபாயிஸாவுக்காகவாம். வகுப்பில் பக்கத்தில் நிற்பவள், பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் அபுதாஹிரின் மகள்.

"வேல்சாமி சார் வரிசை பூரா சும்மா நடந்து வருவாரு மாமா. ஃபாயிஸா முன்னால மட்டும் நின்னு, அவ முடிக்கிற வரைக்கும் வாயவே பாப்பாரு. என் வாயப் பாக்காரான்னு பாப்போம்னு மூடிக்கிட்டேன். ஒரு வாரமா ஆருக்கும் தெரியல. நானாப் போயிச் சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது."

ராஜபாளையம் நாய்கூட வீட்டாள் யார், வெளியாள் யார் என்று மோந்துதான் முடிவு செய்யும். வேல்சாமியோ பெயரைக் கேட்டே முடிவு செய்துவிடுகிறார். எல்லாரும் உடன்பிறப்பு என்று சொல்லச் சொல்லி, ஒரு உடன்பிறப்பை மட்டும் காவல் காக்கிறார்கள்! தேசபக்தியைப் பல் ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். ஆ காட்டு, ஆ காட்டு.

ஜனவரி 10, சனி

மச்சான் முத்துவீரன் எல்லையிலிருந்து பேசினார். அவர் காதுக்குப் போகக்கூடாது என்று தங்கை வேண்டாத சாமி இல்லை. நான் உளறிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இங்கன எவன் வாய எவன் பாக்கான்? பனிக்கு முகத்தச் சுத்திக் கட்டியிருக்கோம். வாயே தெரியாது" என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தங்கை எனக்கு மட்டும் சக்கரை குறைத்துப் போட்டாள். மச்சானிடம் சொன்னதற்கு.

ஜனவரி 20, செவ்வாய்

விழாவுக்கு முன்னால் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கிக் குழாய்களைச் சரிபார்க்கப் போனேன். நான் கட்டிய நாலு குழாய். முழுச் சத்தத்தில் வைத்தால் செண்பகத்தோப்புக் காட்டில் யானைகள் அட்டென்ஷனில் நிற்கும்.

காலைக் கூட்டம். பிள்ளைகள் வாயை அசைக்கிறார்கள், அவ்வளவுதான். முழங்குவது பதிவு. இரண்டு வருஷத்துக்கு முன் என் கடையில் நானே பதிந்து கொடுத்தது. வெண்கல மணி மாதிரி ஒரு பெண் குரல். யாரது? யோசித்தேன். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் என்று இதே தாளாளர் கூட்டி வந்த பிள்ளை... அட! ஃபாயிஸா.

நாலு குழாயிலும் ஃபாயிஸா நாட்டுக்கு உறுதி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே வேல்சாமி ஃபாயிஸாவின் வாயை முறைத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பதா? காறித் துப்புவதா? ஸ்குரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

செல்லக்கனியிடம் ஓடிப்போய்ச் சொன்னால், "எங்களுக்குத் தெரியும் மாமா. அவியளுக்குத்தான் மறந்துபோச்சு" என்கிறாள். தாளாளர் பேசும்போது எக்கோவை ஏற்றிப் பேய்க் குரலாக்கிவிடட்டுமா என்றேன். வரம் கொடுக்க வந்த தெய்வத்தை விரட்டுவதுபோல் கையை ஆட்டினாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணாதீக. நான் பேசும்போது மைக்க மட்டும் அமத்திராதீக."

ஜனவரி 26, திங்கள்

விழாவில் செல்லக்கனியை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். தங்கை முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கை ஆம்ப்ளிஃபயர் குமிழ் மேல். மைக் திறந்திருக்கிறதா என்று நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். இதை வேறு யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"தினமும் நம்ம குழாயில உறுதிமொழி சொல்றது ஃபாயிஸா" என்றாள். "அவ வாயத்தான் தினமும் பாக்கீங்க. ஒருத்திய மட்டும் பாக்கிற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன். மன்னிப்பும் கேக்க மாட்டேன்."

அவ்வளவுதான். தாளாளர் என்னைப் பார்த்து, அமத்து அமத்து என்று கையை வெட்டினார். ஒலிச் சக்கரவர்த்தி குனிந்து செருப்பைத் தேடினார். வெகுநேரம் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

சிறப்பு விருந்தினர் பழைய சுபேதார் ஒருவர், மீசைக்கே தனி ரேஷன் கார்டு கேட்கும் ஆள். வேல்சாமியை மெதுவாகத்தான் கேட்டார், "ஏன் தம்பி, ஒரே பிள்ள வாயத்தான் பாப்பீகளோ?" மைக் திறந்தே இருந்ததால் ராஜபாளையம் வரைக்கும் கேட்டது.

கேட்டை ஒட்டி நின்ற அபுதாஹிர் கை தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 30, வெள்ளி

டி.சி. பேச்சையே காணோம். ஆனால் என் குழாய்கள் கழன்று வந்துவிட்டன. தேசபக்திக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்களாம். தங்கை சோறு கொடுத்தனுப்பினாள். கூடவே கால் கிலோ பால்கோவா.

பிப்ரவரி 4, புதன்

செல்லக்கனி பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தாள். குழாய் இல்லாததால் பிள்ளைகள் சொந்தத் தொண்டையில் சொல்கிறார்களாம். பூனை பால் குடிக்கிற சத்தம்தானாம். வேல்சாமி மேடை ஓரமாக நின்று தன் ஷூவைப் பார்க்கிறாராம்.

"அப்போ இப்ப நீ சொல்லுதியாட்டி?" என்றேன்.

"அத ஆரும் கேக்கக் கூடாதுன்னுதான மாமா இம்புட்டும்."

சக்கரவர்த்தி வாயை மூடிக்கொண்டார். நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.