என் கம்ப்யூட்டரில் இன்னொரு பெயர்

பிப்ரவரி 9

என் செல்லக் குட்டிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டலாம்.

நான் பல் டாக்டரிடம் போய்த் திரும்புவதற்குள் என் கம்ப்யூட்டரில் என் கடிதங்களை மட்டும் விட்டுவைத்து, மற்றதைச் சுத்தமாகத் துடைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி வைத்தாயே, யாரைக் கேட்டுச் செய்தாய்? "பழைய மெஷின்மா, விண்டோஸ் தாங்காது, இது பறக்கும்"னு சொல்லிவிட்டு நீ பறந்துவிட்டாய். இங்கே நான் ஒரு கடிதம் அச்செடுக்க வழி தெரியாமல் பிரிண்டர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். சமையலறையில் இருந்த டப்பாவை எல்லாம் ஆள் இல்லாத நேரத்தில் இடம் மாற்றி வைத்தால் உனக்குக் கோபம் வருமா வராதா? போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

கோபத்தில் போய் ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். நூலகத்தின் பின்னறையில், சனிக்கிழமை தோறும், இலவசம். பிரிண்டர் பழுது பார்க்கும் ஒரு பெண் நடத்துகிறாள். உன்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் உன்னைப் போலவே. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், இரவுப் பணி முடித்துக் கொட்டாவியோடு வரும் நர்ஸ், பல்லுக்குக் கம்பி போட்ட பள்ளிக்கூடப் பெண், அப்புறம் நான். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். முப்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்த கை இது. மற்றவர்கள் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டர் சார், "அம்மா, கொஞ்சம் மெதுவா போங்க, நாங்களும் ஏறணும்"னு சொல்கிறார்.

பிடித்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அம்மா


பிப்ரவரி 20

அன்பு அம்மாவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் அந்த மெஷின் எழுந்து நிற்பதற்குள் நீ ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிடுவாய். அதை நான் உயிர்ப்பித்துக் கொடுத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம், திட்டாமலாவது இரு.

வகுப்புக்குப் போவது நல்லதுதான். ஆனால் யார் எவர் என்று தெரியாதவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு மெஷினைக் காட்டாதே. ஏதாவது கோளாறு என்றால் என்னிடம் சொல், நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்வேன். போன வாரம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாய், நினைவிருக்கிறதா? எனக்கு அது கவலையாக இருந்தது.

இன்னொன்று. பள்ளியில் கழித்துப் போடும் பழைய கம்ப்யூட்டரை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து முன்னறையில் பரப்பி வகுப்பு ஆரம்பிக்கும் யோசனை எல்லாம் உனக்கு வேண்டாம்மா. ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை யாராவது விடுவார்களா? நீ தனியாள். நிதானமாக யோசி.

முத்தங்களுடன்,
உன் மகள்


பிப்ரவரி 21

குட்டி,

ஒரே ஒரு கேள்வி.

முன்னறையில் வகுப்பு வைக்கும் யோசனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. வகுப்புக்கான திட்டத்தையும் ராஜினாமாக் கடிதத்தையும் அடித்து என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்னும் அச்சுக்கூட எடுக்கவில்லை.

உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா


பிப்ரவரி 21

அம்மா,

சித்திதான் சொன்னாள். நீ அவளிடம் சொல்லிவிட்டு மறந்திருப்பாய். இதைத்தான் நானும் சொல்கிறேன், இப்போதெல்லாம் உனக்கு நிறைய மறந்துபோகிறது. இதைப் பெரிது பண்ணாதே. வேலை இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

மகள்


மார்ச் 6

மகளுக்கு,

செல்லக் குட்டி என்று எழுத இன்று கை வரவில்லை.

உன் சித்தியிடம் கேட்டேன். "என்னது, வேலைய விடப்போறியா?"ன்னு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அப்படியானால் நான்தான் வேறு யாரிடமாவது சொல்லிவிட்டு மறந்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாவி, என்னையே என்னைச் சந்தேகப்பட வைத்தாயே. அந்த வாரம் முழுக்க அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு கட்டளை சொல்லிக் கொடுத்தார்கள். இந்த நேரத்தில் மெஷினுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அது பெயரோடு சொல்லிவிடும். "அட, டிக்கெட் எடுக்காம யார் ஏறியிருக்கான்னு பாக்கறதுதானே, இது எனக்குத் தண்ணி பட்ட பாடு"ன்னு கண்டக்டர் சார் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சும்மா விளையாட்டுக்கு அதை அடித்துப் பார்த்தேன். ஒரு பெயர்தான் வர வேண்டும். இரண்டு வந்தது. ஒன்று நான். இன்னொன்று நான் உனக்கு வைத்த செல்லப் பெயர்.

உள்ளே இருப்பவருக்கு ஒரு வரி அனுப்பவும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் தமிழ் சரியாக வராதாம், அதனால் ஆங்கில எழுத்திலேயே தட்டினேன்: "யாரது உள்ளே? அம்மா கேட்கிறேன்." அது உன் திரையில் குதித்திருக்கும். மறுபடி பார்த்தேன், உன் பெயர் காணோம். திருடன்கூடப் பிடிபட்டால் "அம்மா, மன்னிச்சிடுங்க" என்பான். நீ சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டாய்.

என் கடிதங்களைப் படித்தாய். அப்பா போன பிறகு நான் அவருக்கு எழுதி வைத்தவையும் அதில்தான் இருந்தன. அதையும் படித்தாயா? வேண்டாம், சொல்லாதே.

ஆனால் என் வயிறு எரிவது அதற்கும் இல்லை. திங்கட்கிழமை ராஜினாமாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை அதைப் படிக்காமலே மேசை இழுப்பறைக்குள் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுவது மாதிரி, "உங்க பொண்ணு போன் பண்ணாங்க. உங்களுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுதாமே. இப்ப எந்த முடிவும் எடுக்க வேணாம், ரெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னார். எதற்கென்று சொல்லாமலே நான் கேட்டு, அவர் எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த ஆறு கம்ப்யூட்டரையும் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். முப்பது வருஷம் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் சான்றிதழ் அடித்துக் கொடுத்தவளை அலுவலகத்தில் எல்லோரும் இப்போது ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பியூன் என் கைப்பையை வாங்கி வாசல் வரை தூக்கிக்கொண்டு வருகிறான்.

ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டேனாம். ஆமாம், கேட்டேன். புதிதாக ஒன்றைப் படிக்கிறவள் மூன்று தரம்தான் கேட்பாள். நீ பெருக்கல் வாய்ப்பாடு படித்தபோது எத்தனை தரம் கேட்டாய்? உனக்குப் புத்தி சரியில்லை என்று நான் யாருக்காவது போன் பண்ணினேனா?

அம்மா


மார்ச் 9

அம்மா,

ஆமாம், பார்த்தேன். ஆமாம், போன் பண்ணினேன். பொய்யும் சொன்னேன். நீ சொன்ன எல்லாம் உண்மை.

இப்போது நான் சொல்வதையும் கேள். அப்பாவுக்கு நோய் முற்றிக் கிடந்தபோது நீங்கள் இரண்டு பேரும் போனில் என்னிடம் என்ன சொன்னீர்கள்? "லேசா சளி, நீ பரீட்சையப் பாரு." நான் இங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தேன். கடைசியில் "உடனே கிளம்பி வா" என்று மட்டும் சொன்னாய், நான் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்ஸியில் வரும்போது எதிர்வீட்டுக்காரர் வருத்தம் தெரிவித்து அனுப்பிய செய்தியில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அன்றைக்கு நான் எப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. நீ அங்கே வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாய்.

நீ சொல்ல மாட்டாய் அம்மா. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய். உன் வாயை நான் நம்புவதில்லை. அதனால்தான் லினக்ஸ் ஏற்றும்போதே, இங்கிருந்து உன் மெஷினுக்குள் வர ஒரு வழி வைத்துக்கொண்டேன். முதலில் மெஷின் ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். ஓடினால் நீ எழுந்து நடமாடுகிறாய் என்று அர்த்தம். அப்புறம் கை நிற்கவில்லை. ராஜினாமாவைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மறுபடி எதையோ மறைக்கிறாய், வேலையை விடும் அளவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

தப்புதான். ஆனால் மறைப்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது யார்?

மகள்


மார்ச் 17

மகளுக்கு,

அப்பா விஷயத்தில் நீ கேட்டது நியாயம். சொல்ல வேண்டாம் என்று அவர் என் கையைப் பிடித்துக் கேட்டார். அவரை மீற எனக்கு மனசு வரவில்லை. அதற்காக நீ என்னை முகத்துக்கு நேரே திட்டு, வருஷம் முழுக்கத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பைத்தியமாக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன், நீ ஒளிந்து பார்க்க வேண்டாம். ராஜினாமாவை மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்து, இந்த ஆண்டு மாணவர் பதிவு முழுவதையும் வகுப்பு வாரியாக, ஒரு தாளும் பார்க்காமல் சொன்னேன். பாதியில் அவரே "போதும், போதும்"னு கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார். கண்டக்டர் சாரும் பிரிண்டர் பெண்ணும் நர்ஸும் என்னோடு பழைய சாமான் கடைக்கு வந்தார்கள். இரண்டு மெஷினை அதற்குள் கடைக்காரன் உடைத்துவிட்டிருந்தான். மிச்சம் நான்கையும் சண்டை போட்டு வாங்கி வந்துவிட்டோம். ஒன்று மட்டும் கிளம்ப அடம் பிடிக்கிறது. கம்பிப் பல் பெண் அதன் வயிற்றைத் திறந்துவைத்து, மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பு அடுத்த வாரம்.

உன் கணக்கை என் மெஷினிலிருந்து நீக்கிவிட்டேன். பிரிண்டர் பெண், "நான் பண்ணட்டுமாக்கா?"ன்னு கேட்டாள். வேண்டாம் என்று நானே தட்டினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் விரல் தடுமாறி, எழுத்துப் பிழை வந்தது. இரண்டாம் தரம் சரியாக அடித்தேன்.

கோபம் தீரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா


ஏப்ரல் 4

குட்டி,

நீ பதில் எழுதவில்லை. ஆனால் நேற்று யாரோ உன் பெயரில் மறுபடி மறுபடி உள்ளே வரப் பார்த்ததாக மெஷின் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கவும் இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "அனுமதி இல்லை" என்று போட்டிருக்கிறது.

திமிர் பார் இவளுக்கு என்றுதான் முதலில் கொதித்தேன். அப்புறம் நேற்று என்ன நாள் என்று உறைத்தது. அப்பாவின் நினைவு நாள். மெஷின் ஓடுகிறதா, அம்மா எழுந்து நடமாடுகிறாளா என்று பார்க்க வந்திருக்கிறாய்.

நடமாடுகிறேன். நேற்று நன்றாக அழுதேன். முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். முன்னறையில் ஆறு பேர் படிக்கிறார்கள். போதுமா? இனிமேல் எது வந்தாலும் இப்படியே எழுதுவேன், மறைக்க மாட்டேன். நீயும் கேட்க வேண்டியதை வாய் திறந்து என்னிடம் கேள்.

கம்ப்யூட்டருக்குள் நீ எந்தப் பெயரில் வந்தாலும் திறக்காது. முயற்சி பண்ணாதே. லீவு போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வா. வாசல் கதவுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. அந்தப் பூட்டை நான் மாற்றவில்லை.

அம்மா