தபசுகாலத்தில் ஒரு ராப் கசெற்

பங்குனி 10, செவ்வாய் (1987)

சுள்ளென்ற வெயில். கசெற் ரேடியோவின் பற்றரி நாலையும் கொஞ்சம் உசார் ஏறக் கிணற்றுக்கட்டில் காயவைத்தேன். பின்னேரம் வரை இழுத்தாலே போதும்.

கனடாவிலிருந்து அண்ணை அனுப்பிய கசெற் இன்று கைக்குக் கிடைத்தது. மேலே ‘ராப்’ என்று மட்டும். கூடவே ஒரு துண்டு: ‘கோபம் வந்தால் போட்டுக் கேள். நான் இங்கே பனிக்குள் இதைத்தான் கேட்கிறேன்.’

போட்டேன். திகைத்துப்போனேன். பாட்டே இல்லை! ஒருவன் விடாமல் திட்டுகிறான், பின்னால் டும் டும். என்ன திட்டுகிறான் என்று விளங்கவில்லை. என் இங்கிலீசு அவ்வளவு வேகமாக ஓடாது. ஆனாலும் நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ கொஞ்சம் இளகியது.

குசினிக்குள்ளிருந்து அம்மா: “தபசுகாலத்தில, யேசு பாடுபட்ட நாளில, என்னடி பாட்டு? நிப்பாட்டு!”

“இது பாட்டில்லையம்மா. ராகமே இல்லை.”

“அப்ப இன்னும் பாவம்.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தை மாதம் கரையில் எங்கள் வள்ளத்தை எரித்ததிலிருந்து இப்படித்தான். (எரித்தது யார் என்று இங்கே எழுதவும் பயம்.) ஓம், இல்லை, தண்ணி. அவ்வளவுதான் பேச்சு. கரையில் மீன் ஏலம் கூறிய மனிதர்! அவர் கூறினால் றோட்டு வரைக்கும் கேட்கும். இப்போது மிஞ்சின துண்டு வலையைப் பின்னுகிறார், பிரிக்கிறார், திரும்பவும் பின்னுகிறார்.

பங்குனி 14, சனி

காற்றில்லை. புழுக்கம். சவுக்காரம் முடிந்தது.

பாட்டுகளுக்கு நானே பெயர் வைத்து, அம்மாவுக்கும் சொன்னேன். ‘தகரம் அடிக்கிறவன்’: எரித்தவர்களை நினைக்கும்போது. ‘இருமல்காரன்’: “உயிர் தப்பினதே பெரிய காரியம்” என்று வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு. ‘சிரிக்கிறவன்’ வேண்டவே வேண்டாம். பிழையான இடத்தில் சிரிக்கிறான்.

கசெற்றின் மற்றப் பக்கத்தில் இருவர் மாறிமாறிக் கத்துவது அப்பாவுக்கு. ஆம், அப்பா மேலும் கோபம்தான். வாயைத் திறந்தால் என்ன?

செபமாலை முடிந்ததும் அம்மா மெதுவாக: “கொப்பருக்கு மனம் பேதலிச்சுப் போச்சோ எண்டு பயமாக் கிடக்கு.”

எனக்கும்.

பங்குனி 20, வெள்ளி

எழுத்து கோணல்.

பின்னேரம் அம்மா சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போனார். நான் தலையிடி என்று நின்றுவிட்டேன். (பொய்.) அப்பா இப்போது கோயிலுக்கும் போவதில்லை. தகரம் அடிக்கிறவனைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

அப்பா எழும்பி வந்தார். உடைக்கப்போகிறார் என்று ரேடியோவை அணைத்துப் பிடித்தேன்.

“ஆரடி இவன்? என்னத்தை ஏலம் கூறுறான்?”

தைக்குப் பிறகு முதல் முழு வசனம்! “தெரியாதப்பா.”

“நல்லாத்தான் கூறுறான். ஆனா இடையில மூச்சு வாங்குறான்.”

பிறகு அவர் தொடங்கினார். அந்த டும் டும்முக்கு மேலேயே.

“எரிஞ்ச வள்ளம்! எரிஞ்ச வள்ளம்! முன்னுக்கும் கரி, பின்னுக்கும் கரி, ஆர் கேக்கிறியள்? கடலிருக்கு, கடல்! பாக்கலாம், இறங்கேலாது! ஆர் கேக்கிறியள்?”

கழுத்து நரம்பு புடைத்து, கண்ணால் தண்ணீர். பயந்தே போனேன். பற்றரி இறங்கி, தகரக்காரன் இழுபட்டு நின்றுவிட்டான். அப்பா நிற்கவில்லை.

“இந்தா, ஒரு மனிசன்! தொழிலில்லை! வாயுமில்லை! ஆருக்கு வேணும்? ஒருதரம்! ரெண்டுதரம்!”

வாசல் படலையில் அம்மா. தலையில் முக்காடு, கையில் செபமாலை. பின்னால் கோயிலால் வந்த சனம் வாயைப் பிளந்தபடி. அம்மாவும் அதிர்ந்துபோய்த்தான் நின்றார். பிறகு, கரையில் ஏலம் எடுப்பவர்கள்போலக் கையை உயர்த்தி, உரத்து:

“நான் கேக்கிறன்!”

அப்பா மூன்றாந்தரம் சொல்லவில்லை. முற்றத்து மணலில் அப்படியே குந்தியிருந்து விம்மிவிம்மி அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததேயில்லை.

பங்குனி 21, சனி

வெயில். அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன். “சூடு காணாது” என்றார். சந்தோசமாக இருந்தது.

கிணற்றுக்கட்டில் பற்றரி நாலும் காய்கின்றன. நான் வைக்கவில்லை. தபசுகாலத்தில்! அம்மா!

“என்னடி பாக்கிறாய்? காய்ஞ்சாப்போல அந்தத் தகரம் அடிக்கிறவனையே போடு. கொப்பருக்கு அவன்தான் சரி.”