உட்கார இடமில்லாத கட்டடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அப்பா முழங்கையில் கட்டோடு எதிரே இருக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல்தான் உரிந்திருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டார். என் தையல் மிஷின் கத்திக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் விடுகிறேன் என்று உன் அண்ணன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வியாழக்கிழமை நானும் அப்பாவும் நீ வரைந்த ஆபீஸ் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். நீ அங்கே உட்கார்ந்து வரைந்தாய், இங்கே எழுந்துவிட்டது, நீயே இன்னும் நேரில் பார்க்கவில்லை. பேப்பரில் வந்த படத்தை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக உன் அப்பா நச்சரித்தார். போய்ப் பார்த்தோம். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, மறைத்து எழுத எனக்கு வராது.

மூக்கும் முழியுமாக இருக்க வேண்டாமா ஒரு கட்டடம்? இருபத்தெட்டு மாடி, நான்கு பக்கமும் அதே சாம்பல் கண்ணாடி, கழுவிக் கவிழ்த்த டப்பா மாதிரி நிற்கிறது. உன் அத்தை உன் கட்சி. "கண்ண உறுத்தாம நிக்குதுல்ல அண்ணி, அடக்கமா இருக்கறதும் ஒரு அழகுதானே" என்கிறாள். அடக்கம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் துணி தைக்கிறேன். பூ வேலை செய்த சட்டையில் கோணல் தையல் மறைந்துவிடும், வெறும் துணியில் கொஞ்சம் பிசகினாலும் பல்லை இளிக்கும், அதனால் வெறும் சட்டை தைக்கத்தான் கை சுத்தம் வேண்டும். ஆனால் எவ்வளவு அடக்கமான சட்டையானாலும் கை நுழைகிற இடம் எது, தலை நுழைகிற இடம் எது என்று போடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். உன் கட்டடத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சுற்றிச் சுற்றி வந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அதனால்தான் வந்தது வினை. இந்தக் கதவுகிட்டயே நில்லுங்கள், பாத்ரூம் எங்கே என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எதிர்த் தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து நின்றது வேறு பக்கம், அங்கேயும் அதே கதவு, அதே கல் தரை. அப்பா உள்ளே வேடிக்கை பார்க்கப் போயிருப்பார் என்று நான் இந்தப் பக்கம் காத்திருக்க, அவர் அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருக்கிறார். போனை வழக்கம்போல வீட்டில் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம், உச்சி வெயில், கண்ணாடி வேறு அனலைத் திருப்பி அடிக்கிறது. பஸ் ஓட்டியே தேய்ந்த முழங்கால் அவருக்கு. உட்கார ஒரு படி இல்லை, ஒரு திட்டு இல்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன் வந்து "பெரியவரே, இங்க உக்காரக் கூடாது, எந்திரிங்க" என்றிருக்கிறார். சட்டென்று எழுந்தவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். நான் தேடிக்கொண்டு போனபோது அந்த வாட்ச்மேன்தான் தன் தொப்பியால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். "நானே எட்டு மணி நேரம் நிக்கறேம்மா, நாற்காலி போட்டா பார்க்க நல்லா இருக்காதாம்" என்றார். உள்ளே யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். துணி தைக்கக் கொடுக்க வருகிற எல்லாரிடமும் உன் பெருமை பேசுகிறவள் நான், சும்மா வந்தோம் என்று சொல்லிவிட்டேன். என் மகள் வரைந்தது என்று சொல்ல நா கூசியது.

படம் வரையும்போது ஒருநாள் போனில் நீ சொன்னாயே, ஓரமாக உட்கார ஒரு கல் மேடை வரைந்திருந்தேன், பார்வைக்கு இடறுகிறது என்று எடுத்துவிட்டேன், இப்போதுதான் சுத்தமாக இருக்கிறது என்று, நானும் ஒன்றும் புரியாமல் நல்லது கண்ணு என்றேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், அது உன் அப்பாவுக்குத்தான் பொருந்தும். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பொரிந்து தள்ள, அவர் "அவளத் திட்டாத, நான் வந்து அங்க நிப்பேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்திருந்தால் நீ அந்த மேடையை எடுத்திருக்க மாட்டாய், அது எனக்கும் தெரியும். உன் அப்பா வருவார் என்று தெரிந்தால்தான் உட்கார இடம் வைப்பாயா? அடுத்து ஆஸ்பத்திரி வரைகிறேன், அதுவும் இதே மாதிரி அடக்கமாக என்றாய். அங்கே நிற்க முடியாதவர்கள்தான் வருவார்கள்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, உன் கை வரைவதெல்லாம் நிலைத்து நிற்கட்டும். ஆஸ்பத்திரிப் படத்தைக் கொடுப்பதற்கு முன் அந்த மேடையைப் போடு, வாசலை வாசல் மாதிரி வை. அப்பாவிடம் பேசும்போது கையைப் பற்றிக் கேட்காதே. உன் கட்டடத்தில் விழுந்தது உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா